மயிலக்காவின் உள்ளங்கை

மயிலாத்தாளின் வலது உள்ளங்கைக்கு முதல் எண் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தபோது. பெருவிரல் மேட்டில் முதலில் கொசு கடித்ததுபோல ஓர் அரிப்பு, அப்புறம் ஒரு சூடு. கையைக் கழுவிவிட்டுப் பார்த்தால் ஆறு இலக்கங்கள், கன்றிப்போன நீல நிறத்தில், அச்சடித்த மாதிரி வரிசையாக நின்றன. வாசலில் சிலிண்டர்காரர் நின்றுகொண்டு, ஆரோக்கியமேரி வீட்டுக்கு கேஸ் வந்திருக்கிறது, நம்பர் சொன்னால்தான் இறக்குவேன் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவள் கையைப் பார்த்து ஆறையும் வாசித்தாள். அவர் தன் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, சரி என்று சிலிண்டரை இறக்கி உருட்டிக்கொண்டு போனார். அவளும் மிச்சச் சோற்றைத் தின்று முடித்தாள். பத்து நிமிடத்தில் எண் மறைந்துவிட்டது.

ஆச்சரியப்படுவதற்கெல்லாம் அவளுக்கு நேரம் ஏது. பக்கத்தில் பிரிக்காத பனியன் மூட்டைகள் கிடந்தன; சாயங்காலம் கம்பெனி வண்டி வருவதற்குள் ஒவ்வொரு பனியனாக எடுத்து, தோள் தையலிலும் கைத் தையலிலும் தொங்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டி, மடித்து அடுக்கி வைக்க வேண்டும். ஐம்பது வயதில், புருசன் இல்லாத, முழங்கால் வலிக்கிற ஒரு பெண்ணுக்குத் திருப்பூரில் வீட்டில் உட்கார்ந்து செய்யக் கிடைக்கிற வேலை அதுதான். உலகத்தில் என்ன அதிசயம் நடந்தாலும் பிசிறு தானாக உதிர்ந்துவிடாது.

எண்கள் ஏன் அவளைத் தேடி வந்தன என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ரயில் பாதைக்கு வடக்கே இருக்கும் அந்த லைன் வீட்டில், ஒரே ஓட்டுச் சாய்ப்பின் கீழ் வரிசையாக உள்ள அறைகளில் குடியிருந்தவர்கள் எல்லோரும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். கம்பெனி வாசலிலேயே வாட்ச்மேன் எல்லோருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். வேலை விட்டு வெளியே வரும்போதுதான் திருப்பித் தருவார். பகலில் வருகிற ஓடிபியை யார் பார்ப்பது? அதனால் கேஸுக்கு, ரேஷனுக்கு, பேங்கிற்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு என்று எங்கெல்லாம் உங்கள் செல் நம்பர் என்ன என்று கேட்டார்களோ அங்கெல்லாம் அவர்கள் மயிலாத்தாளின் நம்பரைச் சொல்லிவிட்டு வந்தார்கள், ஏனென்றால் மயிலக்காதான் எப்போதும் வீட்டில் இருப்பாள், மயிலக்காவுக்குத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், மயிலக்காதான் முடியாது என்று யாரிடமும் சொல்லமாட்டாள். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதில்லையா, அந்த மாதிரிதான் இதையும் நினைத்தார்கள்.

அந்தப் போனைத்தான் முதல் எண் வருவதற்கு முந்தின வாரம் பஸ் ஸ்டாப்பில் பைக்கில் வந்த இரண்டு பேர் அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். மறுநாளே சிம்மை முடக்கியாயிற்று. புது சிம் கேட்டு அவள் கடைக்குப் போனபோது, அந்த நம்பர் அவள் புருசன் சென்னியப்பன் பேரில் இருப்பதால் அவரே நேரில் வந்து கைரேகை வைத்தால்தான் கொடுக்க முடியும் என்று கடைக்காரன் சொன்னான்.

"அவரு போயிச் சேந்து வெகு நாளாச்சுங்க தம்பி."

"சிஸ்டம் அவரைத்தான் கேக்குதும்மா. நான் என்ன பண்ணட்டும்?"

சென்னியப்பனும் வரவில்லை, சிம்மும் வரவில்லை. ஆனால் எண்கள் புறப்பட்டபடியேதான் இருந்தன. அவற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்னாரிடம் போ என்று சொன்னால் போவது அவற்றின் பிழைப்பு. போன் இல்லை, சிம் இல்லை, போய்ச் சேர ஒரு கைதான் மிச்சம் இருந்தது, அந்தக் கைக்கு வந்து சேர்ந்தன.

அன்று சாயங்காலம் கம்பெனி விட்டு வந்த பெண்கள் தண்ணீர்த் தொட்டியடியில் கூடி அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவளும் பவர் டேபிள் மிஷின் தையல்காரியுமான ஆரோக்கியமேரி, "நல்லதாப் போச்சுக்கா. இனிமே சார்ஜ் போடுற வேலை இல்ல, டவர் கிடைக்கலைங்கிற பேச்சும் இல்ல" என்றாள். வேறொருத்தி, வலிக்கிறதா என்று கேட்டாள். மயிலாத்தாள் பதில் சொல்வதற்குள், கேட்டவளே தன் ரேஷன் கார்டு பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏ மயிலா, என்ற பேங்க் நம்பரையும் உன்னோடவே சேத்துப்போடட்டுமா? என்ற பையன் பெங்களூர்ல இருந்துட்டு போனையே எடுக்கறதில்ல" என்றாள். அவ்வளவுதான் அந்த அதிசயத்துக்குக் கிடைத்த மரியாதை. அதற்குப் பிறகு அது குழாயில் தண்ணீர் வருவதைப் போல அந்த லைனின் வசதிகளில் ஒன்றாகிவிட்டது.

கையில் எண் மட்டும்தான் வரும், யாருடையது, எதற்கானது என்று வராது. ஆனாலும் மயிலாத்தாள் சீக்கிரமே கண்டுகொண்டாள். கேஸ் என்றால் பெருவிரல் மேடு. ரேஷன் என்றால் சுண்டுவிரலுக்குக் கீழே. பேங்க் என்றால் நட்ட நடுவில், அதுவும் சூடு கொஞ்சம் அதிகமாக. பள்ளிக்கூடச் சமாச்சாரம் மணிக்கட்டை ஒட்டி வரும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வந்துவிட்டால் உள்ளங்கை முழுக்கக் கொதிக்கும். அப்போது கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ஊதிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கம்பெனியின் லேண்ட்லைனிலிருந்து வீட்டுக்காரம்மாவுக்குப் போன் வரும், வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து கத்துவாள், மயிலாத்தாள் முற்றத்துக்கு வந்து கையைப் பார்த்து ஆறு இலக்கத்தையும் உரக்கப் படிப்பாள், வீட்டுக்காரம்மா அதை அப்படியே போனில் சொல்வாள், தெருவில் போகிற வருகிற எல்லோரும் கேட்டுக்கொண்டே போவார்கள்.

அதில்தான் முதல் கோளாறு வந்தது. ரோட்டில் நின்று கேட்ட யாரோ ஒருவன் முந்திக்கொண்டு எண்ணைச் சொல்லிவிட, ஒரு வீட்டுச் சிலிண்டர் வேறு எங்கேயோ போய் இறங்கிவிட்டது. லைன் முழுக்க ஒரே களேபரம். ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசினார்கள். கையை இனி யாரிடமும் காட்டக்கூடாது, உரக்கச் சொல்லக்கூடாது, எப்போதும் மூடியே வைத்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஆரோக்கியமேரி பனியன் வெட்டுத்துணியில் ஒரு கையுறை தைத்து, மணிக்கட்டில் இரண்டு பித்தான் வைத்துக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது, எப்படிப் பாத்திரம் கழுவுவது, எப்படிப் பிசிறு வெட்டுவது என்று யாரும் பேசவில்லை. பேசவேண்டும் என்று மயிலாத்தாளுக்கும் தோன்றவில்லை. அவளுக்குக் களைப்பாக இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் சொல்லி வைத்தார்கள். எழுத்தர் நிமிர்ந்தும் பார்க்காமல், கை உங்களுடையது, பாதுகாப்பும் உங்கள் பொறுப்பு என்று சொல்லி அனுப்பினார். பேங்கில் இருந்த அதிகாரி ஒரு மடிப்புத் தாளைக் கொடுத்தார். அதில் உங்கள் ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள் என்று போட்டிருந்தது. "பகிர்றதுக்குத்தானுங்க என்ற கைக்கு வருது" என்றாள் அவள். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

செய்தி பரவினால் ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள்தானே. போனில் பேசி ஏமாற்ற வழியில்லாததால் அவர்கள் நேரிலேயே வந்தார்கள், இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் தொங்கும் அட்டையுமாக. "அம்மா, உங்க கை இன்னையோட காலாவதி ஆகுது, புதுப்பிக்கலைன்னா முடக்கிருவாங்க, கொஞ்சம் காட்டுங்க" என்றான் ஒருவன். இன்னொருவன், கைக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்றான். மயிலாத்தாள் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். முடங்கினால் தேவலை என்றுகூட அவளுக்கு இருந்தது. ஆனாலும் கையை அவர்களுக்குக் காட்டவில்லை, ஏனென்றால் அந்த ஒரு கையில் பத்து வீட்டுச் சோறு இருந்தது.

அவளை இனி ஊருக்கு அனுப்பமுடியாது என்றும் லைனில் சொல்லிவிட்டார்கள். அக்கா மகள் கல்யாணத்துக்குக் காங்கேயம் போகவேண்டும் என்றபோது, நீ போய்விட்டால் இங்கே யார் என்று கேட்டார்கள். கேட்டது அன்பாகத்தான். அவள் போகவில்லை. பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் உள்ளங்கை சுட்டு எழுப்பும். எழுந்து பார்த்தால் யாருக்கோ எதுவோ. இந்தக் கை இனி தன்னுடையது இல்லை, தன் தோளில் சும்மா மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

இப்படி இருக்கும்போதுதான் பவுன்ராஜ் வந்து சேர்ந்தான்.

அவனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் செவ்வந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலாவது அறையில் ஒரு சின்ன மகளோடு குடியிருந்தவள் அவள், தேனிப் பக்கத்துப் பெண், கம்பெனியில் செக்கிங் வேலை. வந்த புதிதில் அவள் எப்போதும் முழங்கையைத் தாண்டி நீளும் கைவைத்த ரவிக்கைதான் போடுவாள். ஒருநாள் துணி துவைக்கும்போது ஏறிய ரவிக்கைக் கைக்குக் கீழே இருந்த தழும்புகளை மயிலாத்தாள் பார்த்துவிட்டாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சாயங்காலம் ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்குப் பிறகு செவ்வந்தி அவளிடம் மட்டும் பேசினாள். முதலில் பல்லடத்தில்தான் ஒளிந்திருந்தாளாம். புருசன் வாங்கிக் கொடுத்த போன், அவனே போட்டுக்கொடுத்த கணக்கு. அந்தக் கணக்குக்குள் நுழைந்தால் போன் எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்த வீட்டில் இருக்கிறது என்று ஒரு புள்ளி காட்டிக்கொடுத்துவிடுமாம். அப்படித்தான் பல்லடத்துக்கு வந்து கதவைத் தட்டினானாம். திருப்பூருக்கு ஓடி வந்ததும் அவள் செய்த முதல் வேலை, செல் கடையில் கொடுத்துப் பாஸ்வேர்டை மாற்றியதும் கணக்கில் இருந்த நம்பரை மாற்றியதும்தான். எந்த நம்பர் போடட்டும் என்று கடைக்காரன் கேட்டிருக்கிறான். லைனில் எல்லோரும் எதைச் சொல்வார்களோ அதையே அவளும் சொன்னாள்.

பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் ஊர்க்காரன் ஒருவன் அவளைப் பார்த்துவிட்டான். மறுநாள் விடியும்போதே மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பையோடு மயிலாத்தாளின் வாசலில் வந்து நின்றாள்.

"கிளம்புறேன்க்கா. எந்த ஊருன்னு உங்ககிட்டயும் சொல்லலக்கா, கோவிச்சுக்காதீங்க. தெரிஞ்சா உங்களையும் கேப்பாங்க."

"சொல்லாத கண்ணு. சொல்லவே சொல்லாத."

"இந்தப் போனைத் தூக்கிப் போட மனசு வரலக்கா. பாப்பா பொறந்ததுல இருந்து எடுத்த படமெல்லாம் இதுலதேன் இருக்கு. பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியாது. நம்பரு உங்ககிட்டத்தேன் இருக்கு. உங்ககிட்ட இருந்தாப் போதும்."

அவள் போனபோது மயிலாத்தாளிடம் போன் இருந்தது. பிறகு அது பறிபோனதும், எண்கள் கைக்கு வர ஆரம்பித்ததும் செவ்வந்திக்குத் தெரியாது. தெரிவிக்கவும் வழியில்லை, அவள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதுதானே அவளுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு.

செவ்வந்தியின் புருசனான பவுன்ராஜ் சத்தம் போட்டுக்கொண்டு வரவில்லை. குளித்து, திருநீறு பூசி, கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு வந்தான். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நின்றான். பெண்டாட்டி பிள்ளையைக் காணாமல் சாப்பாடே இறங்கவில்லை என்று வீட்டுக்காரம்மாவிடம் கண்கலங்கினான். காலியாகக் கிடந்த நாலாவது அறையையே வாடகைக்குப் பிடித்தான். பனியன் மூட்டைகளை வண்டியிலிருந்து அவனே இறக்கிக் கொடுத்தான், மோட்டார் பழுதானபோது அவனே கழற்றி மாட்டினான், ஆரோக்கியமேரியின் மகளுக்கு நர்சிங் காலேஜ் எங்கெங்கே இருக்கிறது என்று விசாரித்துச் சொன்னான். வந்த அன்றைக்கே லைனின் பெருமையைச் சொல்ல வாய் துறுதுறுத்தவர்கள் மயிலக்காவின் கையைப் பற்றி அவனிடம் சொல்லிவிட்டார்கள், செவ்வந்தியும் அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தாள் என்பது உட்பட. அவன் ஆச்சரியப்படவில்லை. அப்படியா என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் மயிலாத்தாள் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தபோது மோதிர விரலின் அடியில் அரித்தது. அது இதுவரை யாருக்கும் வராத இடம். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நாலாவது அறையின் வாசற்படியில் பவுன்ராஜ் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்துகொண்டிருந்தவள், அப்படியே விரல்களை மடக்கிக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என்னக்கா, கை வலிக்குதா? நான் பாக்கட்டுமா?" என்றான் அவன், இதமாக.

"ஒண்ணுமில்ல சாமி. மரத்துப் போச்சு."

பத்து நிமிடம் பிடித்து வைத்திருந்தாள். எண் அழிந்தது. மூச்சுவிட்டு விரலைத் தளர்த்துவதற்குள் அதே இடத்தில் மறுபடி அரித்தது. அவன் இன்னும் படியில்தான் உட்கார்ந்திருந்தான், ஒரு விரலால் போனைத் தொட்டபடி. அன்று முழுக்க அப்படியே போயிற்று, மறுநாளும் போயிற்று. அவனுக்கு அவசரமே இல்லை. அந்த ஆறு இலக்கம் கண்ணில் பட்டால் போதும், செவ்வந்தியின் கணக்குக்குள் நுழைந்து அந்தப் புள்ளியைப் பார்த்துவிடுவான். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று ஒரு விரலால் அமுக்க எவ்வளவு பலம் வேண்டும்? மூடி வைத்திருப்பதற்குத்தான் பலம் வேண்டியிருந்தது.

அவன் எங்கிருந்து எட்டிப் பார்ப்பானோ என்று அவள் அறைக்குள்கூடக் கையைத் திறக்கவில்லை; மூடிய கைக்குள் மற்றவர்களின் எண்களும் வந்து வந்து அழிந்தன. சிலிண்டர்காரர் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ரேஷன் கடையில் பெயர் சேர்ப்பது நின்றுபோயிற்று. பேங்கில் அனுப்பிய பணம் போகாமல் திரும்பி வந்தது. கம்பெனி விட்டு அலுத்துப்போய் வந்த பெண்கள் அடுப்புப் பற்றவைக்க வழியில்லாமல் வந்து நின்றால், மயிலாத்தாள் முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் விசயத்தைச் சொன்னாள். அவர்களும் கேட்டார்கள், கேட்டுவிட்டு நாலாவது அறையைப் பார்த்தார்கள். அங்கே அவன் யாரோ ஒருவரின் குழந்தைக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தான்.

"பாவம்க்கா அந்த மனுசன். புருசன் பொஞ்சாதின்னா ஆயிரம் இருக்கும். நாம ஏன் நடுவுல?" என்றாள் ஒருத்தி.

"ஒரு நம்பர்தானுங்களே" என்றாள் இன்னொருத்தி.

"அவ கையை நீ பாக்கல. நான் பாத்தேன்" என்றாள் மயிலாத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. லைனில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். ஆரோக்கியமேரியின் மகளுக்கு நர்சிங் காலேஜ் விண்ணப்பத்துக்கு அன்று சாயங்காலம்தான் கடைசி. எல்லாம் நிரப்பியாயிற்று, கடைசியில் வருகிற ஓடிபியைப் போட்டால் முடிந்தது. ஆரோக்கியமேரி வந்து மயிலாத்தாளுக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, எம் புள்ள படிப்புக்கா. இந்தக் காலு பெடல் மிதிச்சு மிதிச்சு வீங்குனது அவளுக்காகத்தேன். ஒருதரம் திறங்கக்கா."

"நாந் திறக்கறேன் மேரி. அவனை அந்தப் போனைக் கீழ வெக்கச் சொல்லு, திறக்கறேன்."

பவுன்ராஜ் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தான். "நான் ஒண்ணுமே பண்ணலையேக்கா" என்று போனைத் தூக்கிக் காட்டினான். போன் இருட்டாக இருந்தது. அப்போதும் மோதிர விரலின் அடி தீயாகச் சுட்டது.

யார் முதலில் அவள் கையைத் தொட்டது என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. கோபத்தோடு தொடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து மிட்டாயை எடுப்பதுபோல மெதுவாகத்தான் ஆரம்பித்தார்கள், சும்மா இருங்கக்கா, கொஞ்சம் விடுங்கக்கா என்று சொல்லிக்கொண்டே. சுண்டுவிரலை ஒருத்தி பிடித்தாள், பெருவிரலை ஒருத்தி பிடித்தாள். மயிலாத்தாள் கையை மார்போடு அழுத்திக்கொண்டு குனிந்தாள். அவர்கள் அவளோடு சேர்ந்து குனிந்தார்கள். இவர்களுக்கெல்லாம் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறாள், இவர்கள் பிள்ளைகளைத் தொட்டிலில் ஆட்டியிருக்கிறாள். அதை நினைத்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது, வலியில் இல்லை. சுண்டுவிரல் நிமிர்ந்தது. பெருவிரலும் நிமிர்ந்தது. நடுவிரலைப் பிரிக்க ஆரோக்கியமேரி தன் விரலை உள்ளே நுழைத்தாள்.

"சீக்கிரம் பிரிங்கடி, டைம் போகுது!"

பவுன்ராஜ்தான் சொன்னான். அதுவரை அவன் யாரிடமும் பேசாத குரல் அது. உரக்கக்கூட இல்லை. பல்லைக் கடித்து, தாழ்ந்து, முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிற குரல், கதவைச் சாத்திய பிறகு வருகிற குரல். அங்கே இருந்த பெண்களில் பாதிப் பேருக்கு அந்தக் குரலைத் தெரியும். எந்த ஊரில், எந்த அறையில் கேட்டோம் என்று ஒவ்வொருத்திக்கும் தெரியும்.

ஆரோக்கியமேரி தன் விரலை உருவிக்கொண்டாள். பெருவிரலைப் பிடித்திருந்தவள் விட்டாள். பிறகு எல்லோரும் விட்டார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, அவரவர் அறைக்குப் போய்விட்டார்கள். ஆரோக்கியமேரி போகும்போது தன் துண்டை எடுத்து மயிலாத்தாளின் கையைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாள். பிறகு மகளை உட்காரவைத்து, விண்ணப்பத்தை முதலிலிருந்து மறுபடி நிரப்பச் சொல்லி, இந்தத் தடவை தன் சொந்த நம்பரைப் போட்டாள். அவள் போன் அவள் மடியிலேயே கிடந்தது, எண்ணும் அதற்கே வந்தது. அவ்வளவுதான் வேலை. நம்பரை மாற்ற வேண்டிய அந்த அரைமணி நேரம்தான் இத்தனை வருசமாக லைனில் யாருக்கும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் பவுன்ராஜ் அறையைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, சாவியை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். போகும்போதும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் போனான்.

அவன் போனால் என்ன? அமுக்குவதற்கு லைனில் இருக்கவேண்டும் என்று ஒன்றும் இல்லையே. அவன் தேனியிலிருந்து அமுக்கினாலும் மோதிர விரலின் அடி இங்கே அரித்தது. பார்க்க ஆள் இல்லாதபோது கையைத் திறந்தால்தான் என்ன என்று வீட்டுக்காரம்மா கேட்டாள். மயிலாத்தாள் திறக்கவில்லை. அவன் யாரை அனுப்புவான், எந்தச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள், தூங்கும்போது யார் எட்டிப் பார்ப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? துண்டைக் கட்டியபடியே வைத்திருந்தாள். ஆடி போய் ஆவணியும் போனபோது ஒருநாள் துண்டை மாற்றப் பிரித்துப் பார்த்தால், விரல் நுனிகள் உள்ளங்கையில் ஒட்டி, அதன்மேல் புதுத்தோல் வளர்ந்திருந்தது.

ஆரோக்கியமேரிதான் லீவு போட்டுவிட்டு அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் இளவயதுக்காரர். கையைத் திருப்பிப் பார்த்து, அழுத்திப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. தோல்தான் சேர்ந்திருக்கு. சின்ன ஆபரேஷன். அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். கை பழையபடி திறக்கும்."

"திறக்குங்களா?"

"நல்லாவே திறக்கும்."

"அப்ப வேண்டாமுங்க."

டாக்டர் ஆரோக்கியமேரியைப் பார்த்தார். அவள் இவளுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்வாள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. ஆரோக்கியமேரி தலையைக் குனிந்துகொண்டாள். "வலது கைம்மா. வேலைக்கு என்ன பண்ணுவீங்க?" என்றார் டாக்டர். கும்பிடுவதற்கு இரண்டு கையும் சேராததால், மயிலாத்தாள் இடது கையை மட்டும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிவிட்டு வெளியே வந்தாள்.

லைன்காரர்கள் ஒவ்வொருவராக அரைநாள் லீவு போட்டு, பேங்கிலும் ரேஷன் கடையிலும் நேரில் போய்க் கைரேகை வைத்துத் தங்கள் நம்பரை மாற்றிக்கொண்டார்கள். போகும்போது கொஞ்சம் முணுமுணுத்தார்கள். கேஸ் போயிற்று, ரேஷன் போயிற்று, நட்ட நடுவில் வருகிற சூடும் போயிற்று. அவள் கை மெல்ல மெல்ல ஆறியது. மாற்றமுடியாமல் மிச்சம் இருந்தது ஒன்றுதான். செவ்வந்தியின் அந்தக் கணக்குக்குக் கைரேகை வைக்க ஆபீஸும் இல்லை, கேட்க ஆளும் இல்லை; பழைய நம்பருக்கு வருகிற எண்ணைச் சொன்னால்தான் அது புது நம்பரை ஏற்கும்.

மயிலாத்தாள் இடது கையால் கத்தரி பிடிக்கப் பழகினாள். வெட்டுகிற பிசிறோடு சில நேரம் தையலும் சேர்ந்து வெட்டுப்படும். மூட்டைகள் குறைந்தன, மூட்டை கொண்டுவருகிறவர் சங்கடத்தோடு வேறு வீட்டுக்கும் கொஞ்சம் கொடுக்க ஆரம்பித்தார். இடது கையால் சோறு தின்பதை யாரும் பார்க்காத மாதிரி சுவர்ப்பக்கம் திரும்பி உட்காருவாள். ஆரோக்கியமேரி சில நாள் வந்து, குழம்பு ஊற்றிப் பிசைந்து உருட்டி வைத்துவிட்டுப் போவாள்.

தினமும் மத்தியானம், பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பிறகு, மூடிய கைக்குள்ளே, மோதிர விரலின் அடியில், யாராலும் சொறியமுடியாத இடத்தில் அரிக்கும். முதலில் அரிப்பு, அப்புறம் சூடு. அவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். தேடுகிறான் என்றால் இன்னும் அகப்படவில்லை. எங்கேயோ ஓர் ஊரில், பெயர் தெரியாத ஒரு தெருவில், செவ்வந்தி இந்நேரம் மகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பாள். மயிலாத்தாள் பற்களைக் கடித்துக்கொண்டு பத்து நிமிடம் அந்தச் சூட்டைத் தாங்குவாள், பிறகு தலையணையை இழுத்துப் போட்டு, கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவாள்.

அரிக்காத மத்தியானங்களும் உண்டு. அன்றைக்குத்தான் அவளுக்குத் தூக்கம் வராது. பிசிறு வெட்டுவதையும் நிறுத்திவிட்டு, மூடிய கையை மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு, வா சாமி, வந்துரு சாமி என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.